முக்கால் அங்குலக் குடிபெயர்ப்பு

அபிஷேகப்பாக்கம் சேவை மையத்தில் இருந்த கைரேகைக் கருவி, ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை ஒன்பதே கால் மணிக்குக் குடிபெயர்ந்தது. பெயர்ந்த தூரம் முக்கால் அங்குலம். கணினிப் பெட்டியின் முதுகில் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு ஓட்டைகள் உண்டு. எட்டு வருஷமாக மேல் ஓட்டையில் சொருகியிருந்த கருவி அன்றைக்குக் கீழ் ஓட்டைக்கு வந்தது. ஜனங்கள் ஊரைவிட்டு ஊர் போகிறார்கள், நாட்டைவிட்டு நாடு போகிறார்கள், ஏன் என்று கேட்க ஆளில்லை. இது ஓட்டையைவிட்டு ஓட்டை போனதற்கு ஓர் இயக்ககமே எழுந்து உட்கார்ந்துவிட்டது.

மாற்றிச் சொருகியவள் சகாயராணி, அந்த மையத்தை நடத்துகிறவள். வேண்டுமென்று செய்யவில்லை. அவள் கடை இருக்கிற வரிசை தங்கவேலுடையது. தங்கவேலுக்கு நெல்லும் கரும்பும் விளைகிற நிலம் உண்டு. ஆயுத பூஜை வந்தால் மண்வெட்டியில் தொடங்கி டிராக்டர்வரை சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வருகிற அவர் கை, வாடகைக்காரர்களின் சாமான்களையும் விடாது. தையல் மிஷின், சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பு, சகாயராணியின் கணினி, கைரேகைக் கருவி எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் பொட்டு. சகாயராணி மாதா கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் பூஜையன்று ஒயர்களையெல்லாம் பிடுங்கி, துடைத்து, வரிசையாக வைத்துவிடுவாள். கிறிஸ்துமஸ் வந்தால் தங்கவேல் வீட்டுக்குக் கேக் போகும். அந்தப் பக்கத்தில் இதையெல்லாம் யாரும் பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை.

மறுநாள் திரும்ப மாட்டும்போது கை ஓர் ஓட்டை தவறியது. "புதிய சாதனம் கண்டறியப்பட்டது" என்றது திரை. எட்டு வருஷமா இங்கதானே கெடக்குது, இப்பதான் கண்டுபுடிச்சியா என்று அதனிடம் கேட்டுச் சிரித்துவிட்டு, சகாயராணி முதல் ஆளைக் கூப்பிட்டாள்.

இந்த இடத்தில் சிஸ்டத்தின் புத்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். கணினியில் எதைச் சொருகினாலும், அதற்கும் கணினிக்கும் நடுவே உட்கார்ந்து பேச்சு கடத்த ஒரு மென்பொருள் வேண்டும். அதற்கு டிரைவர் என்று பெயர். எந்தச் சாதனத்துக்கு எந்த டிரைவர் என்று சிஸ்டம் ஒரு பதிவேடு வைத்திருக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்தக் கருவி மாதிரி மலிவுச் சாமான்களை அது முகம் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. எந்த ஓட்டையில் இருக்கிறது என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. எட்டு வருஷம் எதிரே உட்கார்ந்து வேலை பார்த்த ஆள் பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்தால், "நீங்க யாரு?" என்று கேட்கிற தலைமைக் குமாஸ்தாவின் புத்தி அது. மேல் ஓட்டைக்காரர் போய்ச் சேர்ந்தார், கீழ் ஓட்டைக்கு அசலூர் ஆள் ஒருவர் வந்திருக்கிறார் என்று எழுதிக்கொண்டது. வந்தவருக்குப் புதிதாக ஒரு டிரைவரையும் தானே தேடிப் போட்டுக்கொண்டது.

சிஸ்டம் எழுதியதைக் கிராமியக் கைரேகைச் சேவை இயக்ககத்தின் இணையதளம் படித்தது. படித்த மாத்திரத்தில் சிவப்புக் கட்டம் ஒன்று வந்தது. பதிவுபெற்ற சாதனம் காணவில்லை, பதிவுபெறாத சாதனம் ஒன்று உள்ளே இருக்கிறது, மையம் நிறுத்தப்படுகிறது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொன்றும் இருந்தது. நாற்பத்தைந்து நாள் தொடர்ந்து சேவை தராத மையத்தின் அங்கீகாரம் தானாக ரத்தாகும்.

சகாயராணிக்குச் சிரிப்பு நின்றது. அந்த மையம்தான் அவள் பிழைப்பு, பிழைப்பு மட்டுமில்லை. ஊரில் யாருடைய விரல் எப்படி வைத்தால் எடுக்கும் என்று அவளுக்கு மனப்பாடம். பெஞ்சில் காத்திருந்த சின்னபொண்ணுவையே எடுத்துக்கொள்ளுங்கள். புருஷன் போனபின் கிடைக்கிற விதவை உதவித்தொகைதான் அவளுக்கு மாதக் கஞ்சி. அது நிற்காமல் வர, உயிரோடு இருப்பதாக வருஷா வருஷம் நவம்பர் முடிவதற்குள் விரல் வைக்க வேண்டும். நாற்று நட்டு நட்டு ரேகை தேய்ந்துபோன விரல். பாகூர் மையத்தில் இரண்டு தடவை வைத்துப் பார்த்துவிட்டு, இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். சகாயராணிதான் கட்டைவிரலை முந்தானையில் துடைக்கச் சொல்லி, இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்து, "அப்பிடியே வைக்கா, ஒண்ணும் ஆவாது" என்று பழக்கியிருந்தாள். அந்தக் கோணத்தில் வைத்தால் பச்சை டிக் விழும்.

"ஒண்ணும் ஆவாது" என்கிற அந்த வார்த்தைகூட அவள் சொந்தச் சரக்கல்ல. எட்டு வருஷத்துக்கு முன்பு இயக்ககத்தின் மூலக்குளம் அலுவலகத்தில் மூன்று நாள் பயிற்சி கொடுத்த ஒருங்கிணைப்பாளர் கலைவேந்தன் சொல்லித்தந்தது. ஜனங்களுக்கு மிஷின்மேல் நம்பிக்கை இல்லை, உங்கள் முகத்தின்மேல்தான் நம்பிக்கை, நீங்கள் சொன்னால் ஊரே விரல் வைக்கும் என்று அவர் சொன்னதை அவள் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அவளுக்கு அவர்மேல் அவ்வளவு மரியாதை.

அதனால் அவருக்கே போன் போட்டாள். நடந்ததையெல்லாம் சொன்னாள். ஓட்டை மாறிவிட்டதோ என்று ஒரு சந்தேகம் இருப்பதாகவும் சொன்னாள்.

"மேல் ஓட்டையில மாத்திப் பாக்கட்டுமா சார்?"

"தொடாதீங்கம்மா. நீங்க பேசும்போதே புகார் பதிவாயிடுச்சு. இனிமே அது சாட்சிப் பொருள். பிடுங்கினா நீங்கதான் மாட்டுவீங்க. நான் இருக்கேன்ல, பாத்துக்கலாம்."

சீல் ஒன்றை வாட்ஸப்பில் அனுப்பினார். அதை அவளே அச்செடுத்து, அவளே கையெழுத்துப் போட்டு, அவளே ஒட்ட வேண்டும். பசை இல்லாததால் கொஞ்சம் சோற்றை மசித்து, கருவியின் ஒயர்மேலும் மேல் ஓட்டைமேலும் சேர்த்து ஒட்டினாள். தன் பிழைப்பின் வாயைத் தானே சோறு வைத்து அடைத்தவள் நம் புதுச்சேரிக் கொம்யூன்களில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

இருபத்துநான்கு மணி நேரம் கழித்து, புகார் தீர்ந்துவிட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. தீரவில்லை என்று சொல்ல ஒரு வழி இருந்தது. பதிவுபெற்ற சாதனத்தில் விரல் வைத்துச் சொல்ல வேண்டும்.

ஒன்பதாம் நாள் மூலக்குளத்துக்குப் போனாள். காத்திருக்கிற கூடத்தில் ஒரு பெரிய டிவி. அதில் இயக்குநர் பேசிக்கொண்டே இருந்தார். பதிவு செய்த பேச்சுதான், முடிந்தால் மறுபடி தொடங்கும். நமது சிஸ்டத்தில் பிழையே கிடையாது என்றார் அவர். பிழை வந்தால் அதைப் புகார் என்கிறோம், புகார் வந்தால் அதை டிக்கெட் என்கிறோம், டிக்கெட்டை மூடிவிடுகிறோம், நவம்பர் மாதக் கடைசிக்குள் திறந்த டிக்கெட் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்றார். சகாயராணி அதை ஆறு தடவை கேட்டாள். ஆறு தடவையும் அவளுக்கு நம்பிக்கையாகத்தான் இருந்தது.

முதலில் அடையாளப் பிரிவு. அங்கே மஞ்சுளா என்கிற அதிகாரி, சகாயராணி போனில் எடுத்து வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பதிவேட்டுப் படத்தையும் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இதுல செவப்பா ஒரு பொட்டு இருக்குது. பதிவுல இருக்கிற படத்துல பொட்டு இல்ல. அங்க அடையாளமே மாறிப்போனதை நான் எப்படிம்மா அதேதான்னு எழுத முடியும்?"

"ஆயுத பூஜைக்கு வச்சது மேடம். தொடச்சா போயிடும்."

"எப்படித் தொடைப்பீங்க? சீல் இருக்குதுல்ல."

மேல் ஓட்டைச் சாதனம் காணாமல் போனதற்குப் போலீஸ் சான்று, கீழ் ஓட்டைச் சாதனத்தை வாங்கியதற்குக் கடை ரசீது, இரண்டும் வேண்டும் என்றார். சகாயராணி காவல் நிலையத்துக்கும் போய்ப் பார்த்தாள். காணாமல் போன பொருள் கடைசியாக எங்கே இருந்தது என்று கேட்டார்கள். இப்பவும் கடையிலதான் இருக்குது சார் என்றாள். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, வீட்டில் யாராவது பெரியவர்கள் இருந்தால் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

அடுத்தது டிரைவர் பிரிவு. அரிகரன் என்கிற அதிகாரி அங்கே நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்து, சிக்கலை விளக்கினார். எந்த டிரைவரானாலும் அதை அனுப்பியவர் யார் என்று காட்ட ஒரு மின்கையெழுத்து இருக்க வேண்டுமாம்.

"பழைய டிரைவருக்கு வேலை தெரியும், கையெழுத்து காலாவதி. புது டிரைவருக்குக் கையெழுத்து பக்கா, வேலைதான் தெரியாது. சிஸ்டம் எதை எடுத்துக்கும்? கையெழுத்து இருக்கிறதைத்தான் எடுத்துக்கும். அதுல என்ன தப்பு? இந்த மாடியில நாங்கல்லாம் பின்ன எப்படி வந்தோம்னு நினைக்கிறீங்க?"

கடைசியில் மஞ்சுளாவே ஒரு வழி சொன்னார். 'ஒருவரே' சான்றிதழ். ரேஷன் அட்டையில் ஆரோக்கியம், ஆதாரில் ஆரோக்கியசாமி என்று பெயர் முன்னே பின்னே இருந்தால் இருவரும் ஒருவரே என்று வருவாய்த் துறை கொடுக்கிற சான்று. சகாயராணியே ஊர்க்காரர்களுக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பித்துக் கொடுத்திருக்கிறாள். மேல் ஓட்டைச் சாதனமும் கீழ் ஓட்டைச் சாதனமும் ஒருவரே என்று ஒரு சான்று வந்துவிட்டால் போதும் என்றார் மஞ்சுளா.

பாகூர் மையத்தில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினாள். தகப்பனார் பெயர் என்ற இடத்தில் கருவி செய்த கம்பெனியின் பெயரை எழுதினாள். பிறந்த ஊருக்கு அட்டைப்பெட்டியைப் பார்த்தாள். வெளிநாடு என்று போட்டிருந்தது. உண்மையை மறைக்கக் கூடாது என்று அதையே எழுதினாள். அதனால் புதுச்சேரியில் ஐந்து வருஷம் தொடர்ந்து வசித்ததற்கு அத்தாட்சி கேட்டுக் கோப்பு திரும்பி வந்தது. பிறகு கிராம நிர்வாக அலுவலர் நேரில் வந்து, சீலைத் தொடாமல் குனிந்து பார்த்து, அக்கம்பக்கம் விசாரித்தார். அக்கம்பக்கம் என்றால் தங்கவேல்தான். அலுவலர் சொல்லச் சொல்லத் தங்கவேல் எழுதினார். மேற்படி சாதனத்தை நான் எட்டு வருடங்களாக நன்கு அறிவேன், அது வெளியூர் எங்கும் சென்று தங்கியதில்லை, நன்னடத்தை உள்ளது. எழுதி முடித்ததும் தங்கவேலுக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

"ஏம்மா ராணி, இது அதேதானே?"

"நீங்கதாண்ணே பொட்டு வச்சீங்க."

"வருசத்துக்கு நூறு சாமானுக்கு வைக்கிறேன். எதுன்னு கண்டேன்?" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

இவ்வளவுக்கும் நடுவே சின்னபொண்ணு தினம் வேலை முடிந்து வரும் வழியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். இன்னா ராணி, மிஷினு கண்ணு தொறந்துச்சா என்று கேட்பாள். சார் பாத்துக்கிறேன்னு சொல்லியிருக்காருக்கா என்பாள் சகாயராணி. சொல்லும்போது அவளுக்கே ஒரு தெம்பு வரும். ஒவ்வொரு வாரமும் கலைவேந்தனுக்குப் போன் போடுவாள், ஒவ்வொரு வாரமும் அவர் நான் இருக்கேன்ல என்பார். வேறு மையத்துக்குப் போகலாமா என்று கேட்ட ஊர்க்காரர்களிடம், கொஞ்சம் பொறுங்க என்று அவரை நம்பித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முப்பத்தேழாம் நாள் 'ஒருவரே' சான்று கைக்கு வந்தது. தூக்கிக்கொண்டு மூலக்குளத்துக்கு ஓடினாள். மஞ்சுளா வாசித்தார், பாராட்டினார், இவ்வளவு சுத்தமான சான்றை மனுஷருக்கே பார்த்ததில்லை என்றார். இதை ஏற்றிக்கொள்ள மைய நடத்துநர் ஒரு விரல் வைத்தால் போதும் என்றார். எதில் வைப்பது என்று கேட்டாள் சகாயராணி. பதிவுபெற்ற சாதனத்தில் என்றார் அவர். சொல்லிவிட்டு அவரும் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, கள ஆய்வுக்குப் புது டிக்கெட் ஒன்று போட்டிருப்பதாகச் சொல்லி, அடுத்தவரைக் கூப்பிட்டார்.

நாற்பத்தோராம் நாள் மதியத்துக்குமேல் கலைவேந்தன் நேரில் வந்தார். சகாயராணி இளநீர் வெட்டி வைத்திருந்தாள். செய்தி கேட்டுச் சின்னபொண்ணுவும் வயல் சேறு காலில் காய்ந்திருக்க வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவர் இளநீரைக் குடித்தார். சீலை வாய்விட்டுப் படித்தார், நான்கு பக்கமும் படம் எடுத்தார், கிழித்தார். கருவியைப் பிடுங்கிக் கைக்குட்டையால் துடைத்தார். பொட்டு போய்விட்டது. பிறகு சரியாகப் பார்க்காமலே பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, கைக்கு அகப்பட்ட ஓட்டையில் சொருகினார். அகப்பட்டது மேல் ஓட்டை.

கருவியில் வழக்கமான சிவப்பு விளக்கு எரிந்தது. "சாதனம் தயார்" என்றது திரை. மேல் ஓட்டைக்கான பழைய பதிவும் பழைய டிரைவரும் நாற்பத்தொரு நாளும் அங்கேயே, அப்படியே இருந்திருக்கின்றன. சிஸ்டம் எதையும் மறக்கவில்லை. எதிரே இருந்த நாற்காலிக்கு ஆள் திரும்பி வந்ததும், வணக்கம் சொல்லிவிட்டது.

"சார், அது மேல் ஓட்டை. மொத நாளே கேட்டேன், மாத்திப் பாக்கட்டுமான்னு."

"கேட்டீங்கம்மா. நான்தான் வேணாம்னு சொன்னேன்" என்றார் அவர் சாந்தமாக. "அதை விடுங்க, இப்ப வேலை செய்யுதுல்ல."

செய்கிறது. அந்தச் சந்தோஷத்தில் சகாயராணிக்குக் கோபப்படவே தோன்றவில்லை. இன்னும் நான்கு நாள் பாக்கி இருக்கிறது, அங்கீகாரம் போகாது, சின்னபொண்ணு விரல் வைத்துவிடலாம், நாளைக் காலையில் கடை திறக்கலாம். அவர் அவள் கணினியிலேயே உட்கார்ந்து மளமளவென்று எதையோ அடித்தார். அடித்து முடித்ததும் கருவியை அவள் பக்கம் தள்ளினார்.

"வைங்கம்மா, ஒண்ணும் ஆவாது."

வைத்தாள். பச்சை டிக். நாற்பத்தொரு நாளுக்குப் பிறகு மிஷின் தன்னை அடையாளம் கண்டுகொண்டதில் அவளுக்குக் கண் கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் திரையைப் படித்தாள். ஆய்வின்போது சாதனம் நல்ல நிலையில் இயங்கியது என்று இருந்தது. ஆகவே நாற்பத்தொரு நாட்கள் சேவை நின்றதற்குச் சாதனம் காரணமன்று என்று இருந்தது. மைய நடத்துநர் தம் சொந்த விருப்பத்தின்பேரில் மையத்தை மூடிக்கொள்ளச் சம்மதித்துக் கைரேகை வைக்கிறார் என்று இருந்தது.

"இன்னா சார் இது?"

"டிக்கெட்டை மூடணும்மா. இருபத்தெட்டு டிக்கெட் திறந்து கெடந்தது, உங்களோடதுதான் கடைசி. மிஷின் தப்புன்னு எழுதினா, மிஷினை வாங்கிக் குடுத்த ஆபீசருக்கு மெமோ. சிஸ்டம் தப்புன்னு எழுதினா டைரக்டருக்கே மெமோ. உங்களைத் தொடாதீங்கன்னு சொன்னது தப்புன்னு எழுதினா எனக்கு. மையத்தை மூடிட்டா பாருங்க, யாருக்கும் மெமோ இல்ல. மையமே இல்லாத இடத்துல புகார் எங்கேருந்து வரும்?"

"நான் இருக்கேன்னு சொன்னீங்களே சார்."

"இருக்கணும்னுதான்மா இதெல்லாம்."

அவர் குரலில் துளி கபடம் இல்லை. அதுதான் சகாயராணியை அடித்துப் போட்டது. அவளுக்கு அழுகை வரவில்லை, வெட்கம்தான் வந்தது. எட்டு வருஷமாக எத்தனை பேரிடம் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டாமல், ஒன்றும் ஆகாது என்று விரலைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்று நினைத்தாள். அதே வார்த்தையைச் சொன்னதும் அவளும்தானே வைத்தாள்.

அவள் அப்படி நின்றுகொண்டிருக்கும்போதே கலைவேந்தன் பெஞ்சுப் பக்கம் திரும்பிவிட்டார். பொதுமக்கள் தரப்பில் ஒரு சாட்சி தேவைப்பட்டது. இங்க வந்து ஒரு விரல் வச்சிட்டுப் போம்மா என்றார். சின்னபொண்ணு ஓடி வந்தாள். கட்டைவிரலை முந்தானையில் துடைத்தாள். வழக்கம்போல ஒரு தடவை சகாயராணியின் முகத்தைப் பார்த்தாள். அங்கே என்ன கண்டாளோ, சரி என்று எடுத்துக்கொண்டாள். இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்து, சொல்லிக்கொடுத்த கோணத்தில் வைத்தாள். வைக்காதே என்று சகாயராணி சொல்வதற்குள் பச்சை டிக் விழுந்துவிட்டது.

கலைவேந்தன் கருவியைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, போய்ட்டு வரேம்மா, இளநீர் நல்லா இருந்துச்சு என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். சின்னபொண்ணுவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"பாத்தியா ராணி, ஒரே தபாவுல எடுத்துகிச்சு. நான் உசுரோட கீறேன்னு ஒத்துக்கினாங்களா?"

"இல்லக்கா. கடைய மூடிட்டாங்க. மூடுனதுக்கு நான் சம்மதம், நீ சாட்சி."

சின்னபொண்ணு தன் கட்டைவிரலைப் பார்த்தாள். பிறகு அதை மறுபடியும் முந்தானையில் துடைத்தாள்.